லெந்து நாட்களில் ஐ.வி.எஃப்.: ஊசி நேரமும் ஆராதனை நேரமும்

பாளை மருமகள் | 26 பிப்ரவரி 2025

மார்ச் 5 சாம்பல் புதன், ஏப்ரல் 20 ஈஸ்டர். எனக்கு ஐ.வி.எஃப்., அதாவது முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கித் திரும்ப உள்ளே வைக்கும் சிகிச்சை. மார்ச்சில் கருமுட்டை எடுப்பது, ஏப்ரலில் உறைகருவை (உறைய வைத்த கருவை) உள்ளே வைப்பது, ரெண்டும் அந்த லெந்து (தவக்கால) நாற்பது நாளுக்குள் விழுகிறது. வீட்டு வழக்கம்: தினம் ஒருவேளை உபவாசம், கறி மீன் முட்டை கிடையாது, கணவன் மனைவிக்குத் தனித்தனிப் படுக்கை. பெரியவர்கள் சொல்வது, லெந்தில் ஆஸ்பத்திரி வேலையே வேண்டாம், ஈஸ்டர் கழியட்டும் என்று. எதைத் தள்ளலாம், எதைத் தள்ளக் கூடாது? "ஜெபம் பண்ணுங்க, கர்த்தர் பார்த்துக்குவார்" என்ற பதில் ஏற்கனவே நிறைய ஸ்டாக் இருக்கிறது. வேறு சொல்லுங்கள்.

நர்ஸக்கா | 26 பிப்ரவரி, இரவு

தள்ளவே முடியாத நேரம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு ட்ரிகர் ஊசி, முட்டையைக் கடைசியா முத்த வைக்கிறது. இன்னொண்ணு, கரு வைக்கிற மாசத்துல ப்ரொஜெஸ்டிரோன் (கருவைத் தாங்க கர்ப்பப்பையைத் தயார் பண்ற ஹார்மோன்) ஆரம்பிக்கிற நாள். மத்ததெல்லாம் கொஞ்சம் முன்னப்பின்ன ஆனா குடி முழுகிப் போகாது.

தூரம் வந்த ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ ஸ்கேன். அன்னிக்கு ராத்திரியே முட்டையை வளர்க்கிற எஃப்.எஸ்.எச். ஊசி ஆரம்பம். வயசு, ஏ.எம்.எச். (முட்டை கையிருப்பைக் காட்டுற ரத்த டெஸ்ட்) அளவு பார்த்து 150லருந்து 300 யூனிட் வரைக்கும் எழுதுவாங்க. 9லருந்து 12 நாள் ஓடும். ஏழு மணி ஊசியை எட்டரைக்குப் போட்டா ஒண்ணும் ஆகாது, அதனால வீட்டு ஜெபக்கூட்டம் முடிச்சிட்டு வந்து நிதானமா போடலாம். அஞ்சாம் ஆறாம் நாள் கூட ஒரு ஊசி சேரும், செட்ரோரெலிக்ஸ் 0.25 மி.கி. முட்டை முந்திக்கிட்டு வெடிக்காம பிடிச்சு வைக்கிறது அதுதான். அதை தினமும் ஒரே நேரத்துல போடுங்க. ரெண்டு டோசுக்கு நடுவுல 30 மணி நேரம் தாண்டினா பிடி விட்டுப் போகும்.

மூணு முட்டைப்பையாவது 17, 18 மி.மீ. வந்ததும் ட்ரிகர் சொல்லுவாங்க. அதுலருந்து 34–36 மணி நேரத்துல முட்டை எடுக்கணும். சனி ராத்திரி பத்துக்குப் போட்டா திங்கள் காலைல பத்துக்கு ஓ.டி. நடுவுல ஞாயிறு ஆராதனைக்குத் தாராளமா போய்ட்டு வரலாம். ஞாயிறு காலைல எடுக்கிறாங்கன்னா ட்ரிகர் வெள்ளி ராத்திரி வரும், அன்னிக்கு முழு இரவு ஜெபம் இருக்கலாம். போங்க, ஆனா பையில ஐஸ்பேக்கோட ஊசி, போன்ல ரெண்டு அலாரம். பாட்டு நடக்கும்போது எழுந்து வெளிய வந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, ஜெபத்துக்கு நடுவுல எழுந்தாதான் திரும்பிப் பார்ப்பாங்க.

ட்ரிகருக்கு டெகாபெப்டில் எழுதியிருந்தா 0.1 மி.கி. சிரிஞ்ச் ரெண்டு. ஒண்ணைப் போட்டுட்டு இன்னொண்ணை ஃப்ரிட்ஜ்லயே விட்டுட்டு வர்றது அடிக்கடி நடக்கிற கூத்து. நேரம் தவறிட்டா அந்த நிமிஷமே போன் பண்ணுங்க, ஓ.டி.யை அதே அளவு தள்ளி வச்சுக்குவாங்க. திட்டுவாங்களோன்னு பயந்து "பத்துக்கே போட்டாச்சு"ன்னு சொன்னா, முட்டை பை சுவரை விட்டு வராது, வந்தாலும் முத்தாம வரும்.

லேப்கோட் | 27 பிப்ரவரி

தனிப்படுக்கை பற்றி யாரும் பேசவில்லை. ஆய்வகத்துக்கு அதுதான் முக்கியம்.

விந்து மாதிரிக்கு முன் 2 முதல் 7 நாள் இடைவெளி என்பது உலக சுகாதார நிறுவனக் கணக்கு. ஐ.வி.எஃப்.புக்கு நாங்கள் கேட்பது பெரும்பாலும் 2, 3 நாள். நாற்பது நாள் அடக்கிவைத்துவிட்டுக் கொடுக்கும் மாதிரியில் எண்ணிக்கை எகிறும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதில் பெரும்பங்கு பழையது: நீந்தும் வேகம் குறைவு, டி.என்.ஏ. சிதைவு அதிகம். லெந்து விரதம் காக்கிற கணவர், ஊசி தொடங்கிய எட்டாம் ஒன்பதாம் நாள் வாக்கில் ஒருமுறை வெளியேற்றிவிட வேண்டும். எப்படி என்பது அவர்கள் மனசாட்சி. அதுவும் முடியாது என்றால் லெந்து தொடங்கும் முன்பே ஒரு மாதிரி கொடுத்து உறைய வைத்துவிடலாம், இக்சி (ஒரே ஒரு விந்தணுவை நேரே முட்டைக்குள் செலுத்துவது) செய்யும்போது உறைந்த மாதிரியும் போதும். இன்னொரு லாபம்: முட்டை எடுக்கும் நாளில் பதற்றத்தில் மாதிரி கொடுக்க முடியாமல் திணறும் ஆண்கள் பலர். கையிருப்பு இருந்தால் அந்தக் காலை நிம்மதியாகப் போகும்.

ஈஸ்டர் கழியட்டும் என்று தள்ளுவதைப் பற்றி: வயது 30, ஏ.எம்.எச். நன்றாக இருக்கிறது என்றால் ஒரு மாதம் ஒன்றும் செய்யாது. 39, 40 என்றால் டாக்டரைக் கேட்காமல் தள்ளாதீர்கள்.

ஐயரம்மா | 28 பிப்ரவரி

உபவாசத்துக்கு வருகிறேன். சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபையில்) லெந்து உபவாசம் அவரவர் விருப்பம், கட்டளை இல்லை. எந்த ஆயரும் ஊசி போட்டுக்கொள்கிற பெண்ணிடம் சாப்பிடாதே என்று சொல்ல மாட்டார். சொன்னால் அவரை விட்டுவிட்டு அவர் வீட்டம்மாவிடம் பேசுங்கள்.

மாத்திரைகளை வைத்தே முடிவு செய்யலாம். தைராக்ஸின் வெறும் வயிற்றில் போடுவது, உபவாசத்துக்கு இடைஞ்சல் இல்லை. மெட்ஃபார்மினும் ஆஸ்பிரின் 75ம் சாப்பாட்டுக்குப் பின்தான். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டலும் நெஞ்செரிச்சலும் கூட்டுஜெபம் முழுக்கக் கூடவே உட்கார்ந்திருக்கும். காலை உபவாசம் என்றால் அவை இரண்டையும் மதியச் சாப்பாட்டுக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரும் குடிக்காத உபவாசம் மட்டும் இந்த மாதத்தில் வேண்டவே வேண்டாம். கறி மீன் விடுவதில் குற்றமில்லை, பருப்பும் சுண்டலும் தயிரும் கூட்டிக்கொண்டால் போதும்.

முட்டை எடுக்கிற நாளுக்குத் தனிச்சட்டம். மயக்க மருந்துக்கு முன் ஆறு மணி நேரம் திட உணவு கூடாது, வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்வரை. பால் விட்ட காபி சாப்பாட்டுக் கணக்கில் சேரும். அதிகாலைத் திருவிருந்து எடுத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் உண்டு. அப்பம் திட உணவுதான், துணுக்கே ஆனாலும் மயக்க டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பங்குப்பேரவை | 1 மார்ச்

கத்தோலிக்கரும் இங்கே வாசிக்கிறார்கள் என்பதால். நோன்புக் கட்டாயம் வருடத்தில் இரண்டே நாள், திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும், 18 முதல் 59 வயது வரை. நோயாளிக்கு விலக்கு. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பில் தண்ணீரும் மருந்தும் கணக்கில் வராது.

ஆனால் உபவாசம் சின்ன விஷயம். பெரிய விஷயத்தை மழுப்பாமல் சொல்ல வேண்டும்: கத்தோலிக்கத் திருச்சபை ஐ.வி.எஃப்.பை ஏற்கவில்லை, கணவன் மனைவியின் சொந்த அணுக்கள் ஆனாலும். 1987-ல் 'தோனும் வீத்தே', 2008-ல் 'திக்னித்தாஸ் பெர்சோனே' என்று இரண்டு ஆவணங்களும் இதையே சொல்கின்றன. தடையில்லாதவை: எல்லாப் பரிசோதனையும், முட்டை வளர லெட்ரோசோல் மாதிரி மாத்திரை, கருக்குழாய் அடைப்பு நீக்கும் அறுவை, தைராய்டு, வெரிகோசீல் (ஆணின் விதைப்பை நரம்பு வீக்கம்) சிகிச்சை. விந்துப் பரிசோதனைக்குக்கூட, உறவின்போது துளையிட்ட சிறப்பு உறையில் சேகரிக்கும் வழி உண்டு. கடையில் விற்கும் சாதாரண ரப்பர் உறை வேண்டாம், அது அணுவைக் கொன்றுவிடும். ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும்.

ஒரு வதந்தியையும் முடித்துவிடுகிறேன். ஐ.வி.எஃப்.பில் பிறந்த குழந்தைக்குத் திருமுழுக்கு கிடையாது என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படி எந்தத் தடையும் இல்லை.

பாளை மருமகள் | 1 மார்ச்

நாங்கள் சி.எஸ்.ஐ. எங்களுக்கு அப்படி ஏடு எதுவும் இல்லை. ஆனாலும் மீதிக் கருக்களை என்ன செய்வார்கள் என்று கேட்டால் எல்லாரும் பேச்சை மாற்றுகிறார்கள்.

லேப்கோட் | 3 மார்ச்

பேச்சை மாற்ற வேண்டியதில்லை. இதை ஊசி தொடங்கும் முன் பேச வேண்டும். முட்டை எடுத்தபின் பேசினால் எல்லாம் தாமதம்.

உத்தேசக் கணக்கு. பத்து முட்டை எடுத்தால் எட்டு முத்தினதாக இருக்கும். இக்சி செய்தால் ஆறு கருத்தரிக்கும். 16–18 மணி நேரம் கழித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு வட்டம் தெரியும், அதுதான் அடையாளம். ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் (உள்ளே வைக்கும் அளவு வளர்ந்த கரு) ஆக வருவது இரண்டோ மூன்றோ. மற்றவை வழியிலேயே வளர்ச்சி நின்றுவிடும், யாரும் நிறுத்துவதில்லை. வந்ததை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைக்கிறோம்.

மனசாட்சி உறுத்துகிறவர்களுக்கு வழிகள் உண்டு. மூன்று முட்டையை மட்டும் கருவாக்குங்கள், மிச்சத்தை முட்டையாகவே உறைய வையுங்கள் என்று சம்மதப் படிவத்தில் எழுதிக் கேட்கலாம். அல்லது குறைந்த மருந்தில் இரண்டு மூன்று முட்டைக்கு மேல் வராத சைக்கிள். விலை என்ன? மேலே உள்ள கணக்கைப் பாருங்கள், மூன்றில் தொடங்கினால் ஐந்தாம் நாள் கையில் ஒன்றும் இல்லாமல் போகலாம். அதைத் தெரிந்துகொண்டு கேட்பவர்களுக்கு நல்ல மையம் செய்துகொடுக்கும். முகம் சுளிக்கிற மையத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

2021-ம் ஆண்டு உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி கருவைப் பத்து வருடம் வரைதான் வைத்திருக்கலாம். அதன் பின் அழிய விடுவது, அல்லது தம்பதி சம்மதித்தால் ஆராய்ச்சிக்கு. வருட வாடகை தனி. படிவத்தில் இதற்கென்றே ஒரு பக்கம் இருக்கும். பெரும்பாலானோர் படிக்காமல் கையெழுத்துப் போடுவது அந்தப் பக்கத்தில்தான்.

பங்குப்பேரவை | 3 மார்ச்

லேப்கோட் சொன்னதில் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும்: எண்ணிக்கையைக் குறைப்பதால் கத்தோலிக்க நிலை மாறாது. ஆட்சேபம் மீதிக் கருவுக்கு மட்டும் இல்லை, கருத்தரிப்பு உடலுக்கு வெளியே நடப்பதற்கே. ஏற்கனவே உறைந்திருக்கிறவற்றைப் பற்றி 2008 ஆவணம், இது தீர்க்க முடியாத அநீதி என்கிற அளவில் நிறுத்திக்கொள்கிறது. அந்த நிலையில் இருக்கும் தம்பதி பங்குத்தந்தையிடம் போனால் தயாரான விடை இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

லேப்கோட் | 3 மார்ச்

சரி. நான் எழுதியது மற்ற சபையாருக்கு. வேலூர் சி.எம்.சி. மாதிரி மிஷன் ஆஸ்பத்திரியிலேயே ஐ.வி.எஃப். நடக்கிறது. கிறிஸ்தவர் எல்லாரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துப் பேச முடியாது.

ஐயரம்மா | 6 மார்ச்

ஜெபக்குறிப்பு. தேதியோடு கொடுக்காதீர்கள். "மருத்துவ சிகிச்சையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்காக" என்றால் போதும், தேவனுக்கு வார்டு நம்பர் தேவையில்லை. தேதி கொடுத்தால் பெண்கள் ஐக்கிய சங்க வாட்ஸப்பில் அன்று மாலையே "என்ன ஆச்சு?" வரும். ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போதே வரும்.

ஆயரிடம் சொல்வதென்றால் இருவரும் சேர்ந்து போங்கள். பெண் மட்டும் போனால் குறை பெண்ணிடம் என்று சபை தானாக எழுதிக்கொள்ளும். ஆண் பக்கக் காரணமும் அதே அளவு உண்டு என்று லேப்கோட் சொல்லட்டும். ஆயரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டியது: பிரசங்க மேடையில் இருந்து பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டாம், அடுத்த வருஷம் இதே நேரம் மடியில் பிள்ளை இருக்கும் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். அன்னாள் வாய் திறக்காமல் ஜெபித்தபோது ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்றுதான் நினைத்தார். ஊழியக்காரர் தப்பாகப் புரிந்துகொள்வது புதுசு இல்லை.

நர்ஸக்கா | 11 மார்ச்

ஊசி போட்டுக்கிட்டு இருக்கும்போது ஆராதனைல குதிக்கலாமான்னு தனியா கேட்டிருந்தாங்க. சிரிக்காதீங்க, சரியான கேள்வி. ஏழெட்டு நாள் ஊசி போனதும் சினைப்பை ஒவ்வொண்ணும் பல மடங்கு பெருசாகி கனமா தொங்கும். ஓடுறது, குதிக்கிறது, சட்டுனு திரும்புறதுல அது முறுக்கிக்கலாம். கை தட்டுங்க, பாடுங்க, முழங்கால் போடுங்க. குதிக்காதீங்க. முட்டை எடுத்து ஒரு ரெண்டு வாரத்துக்கும் அப்படித்தான். ஒரு பக்கமா திடீர்னு வலி, கூட வாந்தின்னா ஆராதனை முடியட்டும்னு இருக்காதீங்க, நேரா எமர்ஜென்சி.

முட்டை எடுத்தப்புறம் வயிறு உப்பி, ஒரே நாள்ல ஒரு கிலோவுக்கு மேல எடை ஏறி, ஒண்ணுக்கு குறைஞ்சு, மூச்சு வாங்கினாலும் அதே மாதிரி. தண்ணி குடிக்காத உபவாசம் வேணாம்னு ஐயரம்மா சொன்னதுக்குக் காரணம் இதுதான்.

லேப்கோட் | 11 மார்ச்

கூடவே: முட்டை எடுக்கும் நாளும் கரு வைக்கும் நாளும் வாசனை எதுவும் வேண்டாம். சென்ட், டியோடரண்ட், வாசனைப் பவுடர், ஜெபித்துப் பூசிய வாசனை எண்ணெய் உட்பட. அந்த ஆவி ஆய்வகக் காற்றில் கலந்தால் கருவுக்கு ஆகாது. எண்ணெய் பூசி ஜெபிப்பது முந்தின நாள் நடக்கட்டும், காலையில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள். கணவருக்கும் சேர்த்துத்தான், அவர்கள்தான் சென்ட் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு வருவது.

பாளை மருமகள் | 2 ஏப்ரல்

மார்ச் வேலை முடிந்தது. இப்போது உறைகரு. பெரிய வெள்ளி அன்று வைக்கச் சொன்னால்?

நர்ஸக்கா | 2 ஏப்ரல்

மாத்திரையால நடத்துற சைக்கிள்னா தேதி உங்க கையில. கர்ப்பப்பை உள்வரியை வளர்க்கிற எஸ்ட்ராடையால் 2 மி.கி. தினம் மூணு. பத்து பன்னெண்டு நாள்ல ஸ்கேன் பண்ணி, கர்ப்பப்பை உள்வரி 7 மி.மீ.க்கு மேல, மூணு கோடு தெரியிற மாதிரி வந்திருந்தா ப்ரொஜெஸ்டிரோன் ஆரம்பிக்கலாம். வரி வந்தாச்சு, நாள் சரியில்லைன்னா எஸ்ட்ராடையாலையே இன்னும் சில நாள் நீட்டலாம், கெட்டுப்போகாது. ஆனா ப்ரொஜெஸ்டிரோன் ஒரு வேளை போட்டாச்சுன்னா கடிகாரம் ஓட ஆரம்பிச்சிரும். அஞ்சாம் நாள் கருவை ப்ரொஜெஸ்டிரோனோட ஆறாம் நாள் வைக்கணும்.

ஏப்ரல் 14 திங்கள் ஆரம்பிச்சா 19 சனி. 16 புதன் ஆரம்பிச்சா ஈஸ்டருக்கு மறுநாள், 21 திங்கள். டாக்டர்கிட்ட இந்த ரெண்டுல ஒண்ணைக் கேளுங்க. மாத்திரை இல்லாம உங்க சொந்த முட்டை வெடிப்பை வச்சு நடத்துற இயற்கை சைக்கிள்னா இந்தப் பேரமே கிடையாது, முட்டை வெடிக்கிற நாள்தான் எஜமான்.

ஐயரம்மா | 4 ஏப்ரல்

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை 12 முதல் 3. ஈஸ்டர் விடியற்கால ஆராதனைக்கு நாலு மணிக்கே கிளம்ப வேண்டும். மருந்து நேரத்தை அதற்கேற்ப முதலிலேயே அமைத்துக்கொள்ளுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

நர்ஸக்கா | 4 ஏப்ரல்

ஆமா. பெண்ணுறுப்புக்குள்ள வைக்கிற 400 மி.கி. ப்ரொஜெஸ்டிரோன் மாத்திரை காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. 16 காலைல நாலு மணிக்கு எழுந்து வச்சுப் பழகினா ஈஸ்டர் அன்னிக்கும் அதே நேரம். வச்சதும் பதினஞ்சு இருபது நிமிஷம் படுத்திருந்துட்டு எழுந்துக்கங்க. அப்பவும் கொஞ்சம் வெள்ளையா மெழுகு மாதிரி வடியும். பாடகர் குழுல வெள்ளைச் சேலை கட்டுறவங்க பேட் வச்சுக்கங்க. மருந்தெல்லாம் வெளிய வந்திருச்சேன்னு இன்னொண்ணு வைக்காதீங்க, உடம்புக்கு வேண்டியது ஏற்கனவே உறிஞ்சாச்சு. மெழுகு வகை வெயில்ல இளகிடும். ஏப்ரல், மே கன்வென்ஷன் பந்தல்ல கைப்பைக்குள்ள வச்சா சாயங்காலம் கூழ்தான்.

ப்ரொஜெஸ்டிரோனை எண்ணெய் ஊசியா எழுதியிருந்தா புட்டத்துல மேல் வெளிப்பக்கமா, ஆழமா, ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம். போட்டதும் தேய்ச்சு விட்டு வெந்நீர் ஒத்தடம். கட்டி கட்டினா கோயில் மர பெஞ்சு ரெண்டு மணி நேரம் முள்ளா இருக்கும், சின்ன திண்டு ஒண்ணு கொண்டு போங்க. வாய்வழி ப்ரொஜெஸ்டிரோன் சாப்பிடுறவங்களுக்கு மயக்கமா தூக்கம் வரும். பிரசங்கத்துல தூங்கினா ஐயரைக் குறை சொல்லாதீங்க.

ஐயரம்மா | 4 ஏப்ரல்

ப்ரொஜெஸ்டிரோன் சாப்பிடாத எங்கள் சபையாருக்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

லேப்கோட் | 22 ஏப்ரல்

வைத்த பிறகு படுத்தே கிடக்க வேண்டியதில்லை. பஸ் குலுக்கலில் கரு விழாது, மாடிப்படி, முழங்கால் ஜெபம், எதிலும் விழாது. வீட்டில் சிறுநீர்ப் பட்டையை நாலாம் நாளிலேயே போட்டுப் பார்த்து அழாதீர்கள். ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. (கர்ப்பத்தைக் காட்டும் ஹார்மோன்) பார்க்கிற நாளை மையம் சொல்லும், 9 முதல் 14 நாளுக்குள். முதல் எண்ணைவிட 48 மணி நேரம் கழித்து அது எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் செய்தி.

நர்ஸக்கா | 29 ஏப்ரல்

இதைக் கொட்டை எழுத்துல வாசிங்க. கன்வென்ஷன் சீசன். மேடையில "மாத்திரையைத் தூக்கி எறி, விசுவாசி"ன்னு ஒருத்தர் சொல்லுவார். மாத்திரை சைக்கிள்ல வச்ச கருவுக்கு உங்க சினைப்பை ப்ரொஜெஸ்டிரோன் சுரக்கிறதில்ல, ஏன்னா அந்த மாசம் முட்டை வெடிக்கவே இல்ல. வெளியிலருந்து வர்ற மருந்து ஒண்ணுதான். ஏழு வாரம் எட்டு வாரம் வாக்குலதான் நச்சுக்கொடி மெல்ல அந்த வேலையை எடுத்துக்கும், அதனால 10–12 வாரம் வரைக்கும் கொடுப்பாங்க. நடுவுல நிறுத்தினா நல்லா வளர்ந்துக்கிட்டு இருந்த கருவும் போயிரும். பாசிட்டிவ் வந்தாச்சு, இனி எதுக்குன்னு நிறுத்துறதும் அதே தப்பு. லேசா ரத்தம் பட்டாலும் நீங்களா நிறுத்தாதீங்க, போன் பண்ணுங்க.

ஐயரம்மா | 8 மே

வரும் ஞாயிறு, 11-ம் தேதி, அன்னையர் தினம். தாய்மார் எல்லாரும் எழுந்து நில்லுங்கள், ஆளுக்கு ஒரு டப்பா என்று நடத்துகிற சபைகள் இதை நிறுத்தலாம். வாசலில் வைத்து வருகிற பெண்கள் எல்லாருக்கும் கொடுத்தால் டப்பா செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மாற்றாத சபை என்றால் அன்று பாலர் வகுப்பில் உதவிக்குப் போய்விடுங்கள். அங்கே எப்போதும் ஆள் பற்றாக்குறை. பிள்ளைகள் யாரிடமும் விசேஷம் உண்டா என்று கேட்பதில்லை.

பங்குப்பேரவை | 19 ஆகஸ்ட்

இழையை மேலே இழுக்கிறேன். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணி கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. பிள்ளை வரம் வேண்டித் தொட்டில் நேர்ச்சைக்குப் பாதயாத்திரை போகிற தம்பதிகள் கேட்கிறார்கள். எந்தச் சிகிச்சையானாலும், நடக்கலாமா?

நர்ஸக்கா | 19 ஆகஸ்ட்

முட்டை வளர மாத்திரை மட்டும்னா நடக்கலாம், முட்டை வெடிக்கிற நாள்ல கணவனும் மனைவியும் வேற வேற குழுவுல போயிடாம இருந்தா சரி. ஊசி அஞ்சு நாள் தாண்டியிருந்தா பஸ்ல போங்க. முட்டை எடுத்த ரெண்டு வாரமும் பஸ்தான். ஃப்ரிட்ஜ்ல வைக்க வேண்டிய ஊசி இருந்தா வழியில தங்குற இடத்துல ஃப்ரிட்ஜ் இருக்குமான்னு முதல்ல கேளுங்க, இல்லாட்டி தெர்மாஸ்ல ஐஸ் போட்டு, ஊசியைத் துணில சுத்தி, ஐஸ் மேல நேரா படாம வைங்க. உறைஞ்ச ஊசியும் வீண், வெந்த ஊசியும் வீண்.

பங்குப்பேரவை | 20 ஆகஸ்ட்

கணவர் மட்டும் நடந்து, மனைவி பேருந்தில் வந்தால் நேர்ச்சை செல்லுமா என்றும் கேட்டார்கள். செல்லும். நேர்ச்சையைக் குறைக்கவோ மாற்றவோ வேண்டியிருந்தால் பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளலாம், அதற்கு அவருக்கு அதிகாரம் உண்டு.